கடல் தந்த காசு

உங்கள் இல்லத்துப் பரணிலோ, பாட்டியார் விட்டுச்சென்ற தகரப் பெட்டியிலோ, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களுக்கிடையிலோ ஒரு சிறு சோழி கிடக்கக்கூடும். இம்மாத இதழைப் படித்து முடிக்கும் முன் அதனைத் தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொள்ளுங்கள். முதுகுப்புறம் மஞ்சள் ஓடிய வெண்மை. அடிப்புறம் பல் முளைத்த வாய் போன்றதொரு பிளவு. சுண்டுவிரல் நுனியளவே உள்ள இந்தப் பொருளைக் கொண்டு ஒரு காலத்தில் அரிசி வாங்கினார்கள், நிலவரி கட்டினார்கள், மனிதர்களையே விலைக்கு வாங்கினார்கள் என்றால் நம்புவீர்களா?

இப்பத்தி எழுதப்படும் கீழ்பென்னாத்தூர் கடலோர ஊரன்று. மேற்கே திருவண்ணாமலை, கிழக்கே செஞ்சிக் கோட்டைக் குன்றுகள். இடையில் ஏரிகளும் மல்லாட்டைக் கொல்லைகளும். கடலைக் காண வேண்டுமாயின் செஞ்சி, திண்டிவனம் தாண்டிப் புதுவை வரை போயாக வேண்டும். ஆயினும் இந்தப் பக்கத்தில் சோழிக்குப் பஞ்சமே இருந்ததில்லை. தாயக் கட்டத்தில் குலுக்கிப் போடுவதற்கும், பல்லாங்குழியில் புளியங்கொட்டைக்கு மாற்றாகவும், உழவு மாட்டின் கழுத்துப் பட்டையில் மணிகளோடு கோப்பதற்கும் சோழி வந்துகொண்டுதான் இருந்தது. எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் "கடலிலிருந்து" என்பதோடு பெரியவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். எந்தக் கடல், யார் எடுத்தது, எதற்காக எடுத்தார்கள் என்னும் கேள்விகளுக்கு விடை தேடப் புகுந்தால் அது நம்மை உலகத்தின் பாதியைச் சுற்ற வைத்துவிடுகிறது.

முதலில் அதன் பெயரைப் பார்ப்போம். சோழி, சோகி, பலகறை, கவடி எனத் தமிழில் இதற்குப் பல பெயர்கள் உண்டு. வடநாட்டார் கௌடி என்பர். விஞ்ஞானிகள் இதனை மொனெட்டாரியா மொனெட்டா என்று அழைக்கிறார்கள். 1758இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்கு மொனெட்டா என்ற சொல்லைச் சூட்டினார். லத்தீன் மொழியில் அதற்குப் பணம் என்றே பொருள். உயிரினங்களுக்கு நிறத்தாலும் உருவத்தாலும் பெயர் வைப்பது வழக்கம். தொழிலால் பெயர் பெற்ற நத்தை இது! பீங்கானுக்கு ஐரோப்பியர் வழங்கும் போர்சலின் என்ற பெயரும் இத்தாலியர் சோழிக்கு வைத்திருந்த பெயரிலிருந்து பிறந்ததே. சீனத்துப் பாத்திரத்தின் வழவழப்பைக் கண்டவர்களுக்குச் சோழிதான் நினைவுக்கு வந்தது.

சோழி ஒரு கடல் நத்தையின் வீடு. செங்கடலும் கிழக்காப்பிரிக்கக் கரையும் தொடங்கி இந்துமாக் கடலைக் கடந்து பசிபிக் தீவுகள் வரை, ஆழமற்ற பவளப்பாறைத் திட்டுகளில் இந்நத்தை வாழ்கிறது. பகலில் கல்லிடுக்கில் பதுங்கியிருந்து, இரவில் வெளிவந்து பாறையில் படிந்த பாசியை மேய்கிறது. கடற்கரையில் நாம் பொறுக்கும் மற்றச் சிப்பிகளும் கிளிஞ்சல்களும் சொரசொரப்பாயிருக்க, சோழி மட்டும் மெருகிட்டது போல் மின்னுவதன் காரணம் என்ன? நத்தை உயிரோடிருக்கையில் அதன் உடலின் தோல்போன்ற மடல் ஒன்று இரு பக்கங்களிலிருந்தும் எழுந்து ஓட்டின் முதுகை முழுவதும் போர்த்திக்கொள்கிறது. கறுப்புக் கோடுகளும் சிறு முளைகளும் கொண்ட அந்தப் போர்வைதான் நாள்தோறும் ஓட்டின்மேல் புதிய பூச்சைப் பூசி, கீறலும் பாசியும் ஒட்டாதபடி காக்கிறது. ஆபத்து நெருங்கினால் போர்வையைச் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது பளபளக்கும் ஓடு வெளிப்படும்.

குட்டி நத்தையின் ஓட்டைப் பார்த்தால் இது சோழி என்றே சொல்ல மாட்டீர்கள். மற்ற நத்தைகளைப் போலச் சுருண்டு, மெலிந்து, வாய் அகன்றிருக்கும். பருவம் அடையும்போது அதன் விளிம்பு உள்நோக்கி மடங்கி, வாய் குறுகி, இருபுறமும் பற்கள் தோன்றுகின்றன. பழைய சுருள் உள்ளே மறைந்துவிடுகிறது. அதன்பிறகு நத்தை நீளத்தில் வளர்வதில்லை. ஓடு கனமாகிக்கொண்டு மட்டும் போகிறது. ஆகவேதான் ஒரு கூடைச் சோழியை எடுத்துக்கொண்டால் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவாயிருக்கக் காண்கிறோம். பெண் நத்தை முட்டைக் குவியலின்மேல் பாதத்தால் மூடி அமர்ந்து அவற்றைக் காக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தாய்மை என்பது கோழிக்கும் ஆட்டுக்கும் மட்டும் அருளப்பட்டதன்று.

ஒரே அளவு, உடையாத உறுதி, அழுகாத தன்மை, போலி செய்ய இயலாத உருவம்! நாணயச் சாலை நடத்தும் அரசன் எவற்றையெல்லாம் பாடுபட்டுச் செய்கிறானோ அவையனைத்தும் இந்த நத்தையிடம் இயல்பாகவே அமைந்திருந்தன. உருக்கி எடுத்துக் கலப்படம் செய்ய முடியாது. ஓரத்தைச் சுரண்டித் திருட முடியாது. எழுத்தறியாதவரும் எண்ணிக் கொடுக்கலாம், பெருந்தொகையானால் நிறுத்துக் கொடுக்கலாம். சீனத்தில் மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு மதிப்பிருந்தது. 1976இல் ஆன்யாங் நகரில் அகழ்ந்தெடுக்கப்பட்ட பூஹாவ் என்னும் அரசியின் கல்லறையில் ஏறக்குறைய 7000 சோழிகள் கிடைத்தன. செல்வம், விலை, வாணிபம் போன்றவற்றைக் குறிக்கும் சீன எழுத்துகள் பலவற்றில் இன்றும் சோழியின் சித்திரம் ஒரு பகுதியாக ஒளிந்திருக்கிறது.

எனினும் உலகத்துக்கெல்லாம் சோழி வழங்கிய களஞ்சியம் மாலத்தீவுதான். அதன் செய்தியை நமக்கு முதலில் எழுதி வைத்தவர்களுள் முஸ்லிம் பயணிகளும் அறிஞர்களுமே முன்நிற்கிறார்கள். சுலைமான் என்ற வணிகரின் பெயரால் அறியப்படும் 851ஆம் ஆண்டுப் பயணநூல், அத்தீவுகளை ஓர் அரசி ஆள்வதையும், அவளுடைய கருவூலம் சோழிகளால் நிறைந்திருப்பதையும் கூறுகிறது. தென்னங்கீற்றைக் கடல்நீரில் மிதக்கவிட, நத்தைகள் அதில் வந்து பற்றிக்கொள்ளுமாம். பின்னர் வந்த மஸ்ஊதியும் இதனைச் சொல்கிறார். அல்பீரூனி இன்னும் ஒரு படி மேலே போய், அத்தீவுக் கூட்டத்தைச் சோழித் தீவுகள் என்றும் கயிற்றுத் தீவுகள் என்றும் இரண்டாகவே பிரித்துவிட்டார். கயிறு என்றது தென்னை நார்க் கயிற்றை. கப்பல் கட்ட அதுவும், கடைவீதிக்கு இதுவுமாக, மணல் திட்டுகளில் வாழ்ந்த மக்கள் இரண்டே பொருளால் உலகச் சந்தையில் இடம் பிடித்தார்கள். முதலாம் இராசராச சோழன் தன் ஆட்சியின் கடைசிக் காலத்தில் கடல் கடந்து பன்னீராயிரம் பழந்தீவுகளை வென்றதாகக் கல்வெட்டு கூறுவது இத்தீவுப் பகுதியையே என்று வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். வெறும் மணலுக்காக ஒரு மன்னன் கடற்படை அனுப்பியிருப்பானா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இனி, நமக்கெல்லாம் நன்கு அறிமுகமான இப்னு பதூதாவிடம் வருவோம். தில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் அவையில் இருந்த அவர் 1343இல் மாலத்தீவை அடைந்தார். அங்கே ஒன்றரை ஆண்டு அளவில் தங்கி, காழியாகப் பணியாற்றி, பல திருமணங்களும் செய்துகொண்டார். அப்போது அங்கே ஆட்சி புரிந்தவர் கதீஜா என்னும் சுல்தானா. மாலத்தீவு இஸ்லாத்தைத் தழுவி (1153) இரண்டு நூற்றாண்டுகள் ஆகியிருந்த காலம். அம்மக்களின் நாணயம் சோழியே என்பதைக் கண்ட இப்னு பதூதா, ஒரு கணக்காயரைப் போலக் குறித்து வைத்திருக்கிறார். கடலிலிருந்து எடுத்த நத்தைகளைக் கரையில் குழி தோண்டிப் போடுவார்கள். சதை அழுகிப்போய் வெண்மையான ஓடு மட்டும் எஞ்சும். நூறு சோழிக்கு ஒரு பெயர், எழுநூறுக்கு ஒரு பெயர், பன்னீராயிரத்துக்குக் குத்தா, ஓர் இலட்சத்துக்குப் புஸ்தூ. நான்கு புஸ்தூ, அதாவது நான்கு இலட்சம் சோழி கொடுத்தால் ஒரு பொற்தினார். மலிவான காலத்தில் பத்து இலட்சம் கொடுக்க வேண்டியிருக்குமாம்.

அத்தீவினர் சோழியை வங்காளத்தாருக்குக் கொடுத்து அரிசி வாங்கினர். ஏமன் நாட்டு மாலுமிகளோ கப்பல் ஆடாதிருக்க அடித்தளத்தில் மணலுக்குப் பதிலாகச் சோழியைக் கொட்டிக்கொண்டு போனார்கள். போகும் வழியில் பாரமாயிருந்தது, போய்ச் சேர்ந்த இடத்தில் பணமானது! அதே கப்பல்களில்தான் காய வைத்த சூரை மீனும் ஏறியது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் வாழும் நம் சகோதரிகள் சம்பலில் இடித்துப் போடும் மாசியின் முன்னோரைப் பற்றியும் இப்னு பதூதா எழுதியிருக்கிறார். தீவை விட்டுப் புறப்பட்ட அவர் இலங்கை வழியாக மஃபர் எனப்பட்ட நம் தமிழகக் கரைக்கு வந்து, கப்பல் விபத்தில் தப்பி, மதுரையை ஆண்ட கியாதுத்தீன் தாமகானியைச் சந்தித்தது தனிக் கதை.

அவருக்கு ஏறத்தாழ 260 ஆண்டுகளுக்குப் பின்னர், 1602இல், பிரெஞ்சுக்காரரான பிரான்சுவா பிரார் கப்பல் உடைந்து மாலத்தீவில் சிறைப்பட்டார். 1607 வரை அங்கே இருந்தார். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் பெண்கள் இடுப்பளவு நீரில் இறங்கிச் சோழி சேகரிப்பதை அவர் கண்டார். ஓர் ஆண்டில் முப்பது நாற்பது கப்பல்கள் வேறு சரக்கின்றிச் சோழியை மட்டும் ஏற்றிக்கொண்டு வங்காளம் போனதாகக் கூறுகிறார். தென்னோலையால் முடைந்த பொட்டலம் ஒன்றுக்குப் பன்னீராயிரம் எண்ணிக் கட்டுவார்களாம். கவனித்தீர்களா? இப்னு பதூதா குத்தா என்று எழுதிய அதே பன்னீராயிரம். அரசர்கள் மாறினார்கள், கடலில் போர்த்துகீசியர் வந்தார்கள். பெண்கள் எண்ணிக் கட்டிய கணக்கு மட்டும் மாறவில்லை.

அத்தனை சோழியும் வங்காளத்தில் என்ன செய்தது? அங்கே வெள்ளி ரூபாய் இருந்தது. ஆனால் ஒரு ரூபாய் என்பது ஏழையின் பல நாள் உழைப்பு. ஒரு பிடி உப்பும், நான்கு மிளகாயும், ஓர் அகல் எண்ணெயும் வாங்க வெள்ளி உதவாது. நம் பக்கத்தில் அந்த இடத்தைச் செப்புக் காசு நிரப்பியது. வங்காளத்திலும் ஒரிசாவிலும் சோழி நிரப்பியது. நான்கு சோழி ஒரு கண்டா, இருபது கண்டா ஒரு பணம், பதினாறு பணம் ஒரு காகணம், நான்கு காகணம் ஒரு ரூபாய். பெருக்கிப் பார்த்தால் ஒரு ரூபாய்க்கு 5120 சோழி. இது வங்காளத்தார் புதிதாகக் கண்டுபிடித்த கணக்கன்று. 1150ஆம் ஆண்டில் பாஸ்கராச்சாரியார் இயற்றிய லீலாவதி என்ற கணித நூலிலேயே எண்பது சோழி ஒரு பணம் என்று வாய்பாடு இருக்கிறது. கூலிக்காரப் பெண்ணும் அந்தக் கணக்கை வாய்ப்பாடமாக அறிந்திருந்தாள். இன்று பத்து ரூபாய் மிச்சச் சில்லறைக்குப் பிள்ளைகள் கைப்பேசியைத் தட்டுவதைக் காணும்போது அந்தப் பெண்ணை நினைக்கத் தோன்றுகிறது.

சில்ஹெட் என்னும் ஊரின் பெயரை நீங்கள் ஷா ஜலால் (ரஹ்) அவர்களின் அடக்கத்தலம் இருக்கும் இடமாகக் கேள்விப்பட்டிருக்கலாம். மாலத்தீவிலிருந்து வங்காளம் சென்ற இப்னு பதூதா அப்பெரியாரைக் கண்டதை எழுதியிருக்கிறார். அதே சில்ஹெட்டுக்கு 1770களின் இறுதியில் கம்பெனியின் கலெக்டராக ராபர்ட் லிண்ட்சே என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்தார். மாவட்டத்தின் ஆண்டு வருவாய் இரண்டரை இலட்சம் ரூபாய். அது முழுவதும் சோழியாகவே வசூலானது. கணக்குப் போடுங்கள்: 128 கோடி சோழி! எடையில் ஆயிரத்து நானூறு டன்னுக்குக் குறையாது. கிட்டங்கி கிட்டங்கியாக அடுக்கி, படகுப் படையில் ஏற்றி டாக்காவுக்கு அனுப்பி, அங்கே ஏலம் விட்டு வெள்ளியாக்குவார்கள். போகும் வழியில் பத்தில் ஒரு பங்கு சேதாரம் ஆகிவிடுமாம். துரைமாருக்கு எவ்வளவு எரிச்சலாயிருந்திருக்கும் என்பது எளிதில் விளங்குகிறது.

அந்த எரிச்சல்தான் ஏழைகளின் தலையில் விடிந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரிசாவைப் பிடித்த கம்பெனி, நிலவரியைச் சோழியாக வாங்க மறுத்து, வெள்ளி ரூபாயாகவே கட்ட வேண்டுமென ஆணையிட்டது. குடியானவனிடம் இருந்தது சோழி. அரசு கேட்டது வெள்ளி. எல்லாரும் ஒரே நேரத்தில் சோழியை விற்று வெள்ளி தேடப் புறப்பட்டால் என்ன நேரும்? வெள்ளி ஏறிற்று, சோழி இறங்கிற்று. வரியின் அளவைக் கூட்டாமலே வரிச்சுமை கூடிவிட்டது. நிலங்கள் ஏலத்தில் போயின. 1817இல் குர்தா பகுதியில் பக்ஷி ஜகபந்துவின் தலைமையில் வெடித்த பைக்கர் கிளர்ச்சிக்கு, உப்பு விலை ஏற்றத்தோடு, இந்தச் சோழி ஒழிப்பும் ஒரு காரணமாயிற்று. 2016 நவம்பர் 8ஆம் நாள் இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, அரிசிப் பானைக்குள்ளும் துணி மடிப்புக்குள்ளும் கணவருக்குத் தெரியாமல் சேர்த்து வைத்திருந்த சிறு தொகையை எடுத்துக்கொண்டு வங்கி வாசலில் வரிசையில் நின்ற சகோதரிகளுக்குக் குர்தா மக்களின் தவிப்பைத் தனியே விளக்க வேண்டியதில்லை. தாளை மாற்ற அவர்களுக்குச் சில வாரங்களேனும் கிடைத்தன. சோழியை மாற்றித் தருவோர் எவருமில்லை.

இதுவரை சொன்னது வாணிபம், வரி. இனி சொல்லப்போவது எழுதுவதற்கே மனம் கூசும் பகுதி.

1352இல் இப்னு பதூதா சஹாராப் பாலைவனத்தைக் கடந்து மாலி நாட்டுக்குப் போனார். அங்கும் காவ் நகரிலும் மக்கள் கையில் புழங்கியது அவர் மாலத்தீவில் பார்த்த அதே சோழி! ஒரு பொற்தினாருக்கு 1150 சோழி என்று விலையையும் குறிக்கிறார். பிறந்த இடத்தில் நான்கு இலட்சமும் பத்து இலட்சமும் கொடுத்தால் கிடைக்கும் தினாருக்கு இங்கே 1150 போதும். ஏறத்தாழ 350 மடங்கிலிருந்து 870 மடங்கு வரை விலை ஏற்றம். அந்த ஏற்றத்தை உண்டாக்கியவை கடலும், ஒட்டகப் பாதையும், இடையில் நின்ற வணிகர்களும். அவ்வணிகர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் என்பதையும், அவர்களுடைய ஒட்டக வரிசைகள் திரும்பும்போது பொன்னோடு மனிதர்களையும் கொண்டுவந்தன என்பதையும் மறைக்க நமக்கு உரிமையில்லை. 1353இல் தாம் ஊர் திரும்பிய வணிகக் கூட்டத்தில் அறுநூறு அடிமைப் பெண்கள் இருந்தனர் என இப்னு பதூதாவே எழுதியிருக்கிறார். அவர் அதைக் கண்டு வியக்கவுமில்லை, வருந்தவுமில்லை. அடிமையை விடுவிப்பதற்கென்று ஜகாத்திலேயே ஒரு பங்கை ஒதுக்கிய வேதத்தை ஓதியவர்கள் அந்த ஒட்டகங்களை ஓட்டினார்கள் என்பது நாம் தலைகுனிய வேண்டிய செய்தி.

பின்னர் ஐரோப்பியர் வந்தபோது இதே வழக்கம் அளவில் அசுரத்தனமாகப் பெருகியது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியரும், அடுத்து டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் மாலத்தீவுச் சோழியை இலங்கையிலும் வங்காளத்திலும் வாங்கிக் கப்பலின் அடித்தளத்தில் பாரமாக ஏற்றினார்கள். அது ஆம்ஸ்டர்டாமிலும் இலண்டனிலும் ஏலம் போயிற்று. அங்கே அதை எடுத்தவர்கள் ஐரோப்பாவில் எதையும் அதைக் கொண்டு வாங்கப்போவதில்லை. பீப்பாய்களில் அடைத்து மேற்காப்பிரிக்காவுக்கு, குறிப்பாக இன்றைய பெனின் நாட்டிலுள்ள உய்தா துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். துணி, துப்பாக்கி, சாராயம் ஆகியவற்றோடு சோழியும் கொடுத்து ஆண்களையும் பெண்களையும் சிறுவர்களையும் வாங்கி, அமெரிக்கக் கண்டத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு ஏற்றினார்கள். 18ஆம் நூற்றாண்டில் மட்டும் டச்சு, ஆங்கிலக் கப்பல்கள் சுமந்து சென்ற சோழி ஏறத்தாழ 1000 கோடி என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளார்கள். பதினோராயிரம் டன்னுக்கு மேல். மாலத்தீவுப் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கியவை அவை. தாம் பொறுக்கிய ஓடு எங்கே போகிறது, எதன் விலையாகிறது என்பதை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வங்காளத்து அரிசிக் கப்பல் வந்ததா என்பதுதான். தொலைதூரச் சந்தை ஒன்றில் நம் கைப்பொருள் என்னவாகிறது என்று அறியாதவர்கள் அவர்கள் மட்டுமா?

1807இல் பிரிட்டன் அடிமை வாணிபத்தைத் தடை செய்தது. சோழியின் தேவை சிலகாலம் சரிந்து, சோப்புக்கும் இயந்திரங்களுக்கும் வேண்டிய பனை எண்ணெயை மேற்காப்பிரிக்காவில் வாங்குவதற்காக மீண்டும் எழுந்தது. இப்போது ஒரு புதுத் தந்திரம். மாலத்தீவுச் சோழிக்கு உறவான இன்னொரு இனம் கிழக்காப்பிரிக்கக் கரையில் சான்சிபார் பக்கம் ஏராளமாகக் கிடைத்தது. முதுகில் மஞ்சள் வளையம் கொண்டது, சற்றுப் பெரியது, மிகவும் மலிவானது. 1840களிலிருந்து ஹாம்பர்க் நகரத்து ஜெர்மானிய வணிகர்கள் அதனைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்து கொட்டினார்கள். அச்சகம் வைத்திருக்கும் அரசு கண்மூடித்தனமாக நோட்டு அடித்தால் என்ன ஆகுமோ அதுவே ஆயிற்று. ஒரு கைப்பிடிச் சோழிக்குக் கிடைத்த பொருளை வாங்க ஒரு மூட்டை தேவைப்பட்டது. சந்தைக்குப் பணம் சுமந்து போக ஆள் கூலி, சரக்கின் விலையைத் தொட்டது. பானைகளில் இட்டு நிலத்தில் புதைத்துவைத்த சேமிப்பெல்லாம் பயனற்ற ஓடாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காலனி அரசுகள் சோழி இறக்குமதியைத் தடுத்து, வரிக்கு அதனை ஏற்க மறுத்து, கதையை முடித்தன. ஆனால் பெயர் அழியவில்லை. கானா நாடு 1965இல் தனக்கெனப் புது நாணயம் வெளியிட்டபோது சேடி என்று பெயரிட்டது. அந்நாட்டு அக்கான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அது.

பணமாயிருந்த காலம் போய்விட்டாலும் சோழியின் வேறு தொழில்கள் தொடர்கின்றன. சித்த மருத்துவர்கள் இதனைச் சுத்தி செய்து புடமிட்டுப் பலகறை பற்பம் ஆக்குகிறார்கள். ஓடு சுண்ணாம்புச் சத்தால் ஆனது. எனினும் பற்பம் செய்வது அத்தொழில் கற்றவரின் வேலை; வீட்டில் சோழியைச் சுட்டுப் பொடித்துப் பிள்ளைக்குக் கொடுக்கும் கைவைத்தியத்தில் யாரும் இறங்க வேண்டாம்.

சோழியைக் குலுக்கிப் போட்டுப் பலன் சொல்வோரையும், கண்ணேறு படாதிருக்கக் குழந்தையின் கழுத்திலும் இடுப்பிலும் கறுப்புக் கயிற்றில் சோழி கட்டும் வழக்கத்தையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். நம்மவர் வீடுகளிலும் இது இல்லாமலில்லை. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய பழக்கம் என்று எண்ணிவிட வேண்டாம். அரபு நாட்டிலும் அறியாமைக் காலத்திலிருந்தே இருந்தது. சோழிக்கு அரபு மொழியில் வதஆ என்று பெயர். தாயத்தையும் வதஆவையும் காப்பென நம்பித் தொங்கவிடுவதைக் கண்டித்து நபி (ஸல்) அவர்கள் கூறியதாக உக்பா பின் ஆமிர் (ரலி) அறிவிக்கும் செய்தி முஸ்னது அஹ்மதில் இடம்பெற்றுள்ளது. மருமகள் கட்ட மறுத்தால் மாமியார் கோபிப்பதும், மாமியார் கட்டியதை மருமகள் இரவோடிரவாக அறுத்தெறிவதும் சில வீடுகளில் நடக்கும் பூசல்கள். அறுத்தெறிவதைவிட, அருகிலமர்ந்து இது ஒரு நத்தையின் கூடு, தன்னையே மீனிடமிருந்தும் நண்டிடமிருந்தும் காத்துக்கொள்ள அந்த நத்தை கட்டிய வீடு, அந்த வீடும் அதனைக் காக்கவில்லை, ஆகவேதான் இன்று நம் கையில் இருக்கிறது என்று பெரியவருக்கு எடுத்துச் சொல்வது மேல். விளையாட்டுப் பொருளாகவும் அழகுப் பொருளாகவும் வைத்திருப்பது வேறு. காவலாக நம்புவது வேறு. கடலிலிருந்து அணிகலன் எடுத்து அணிவதைத் திருக்குர்ஆன் இறையருளாகவே எடுத்துக்கூறுகிறது.

இறுதியாக, விடுமுறையில் இராமேசுவரம் பக்கமோ, கன்னியாகுமரிக்கோ குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு செய்தி. கடைகளில் அடுக்கியிருக்கும் சோழிகளின் கண்ணைப் பறிக்கும் மெருகைப் பார்த்திருப்பீர்கள். மேலே சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: அந்த மெருகைக் காப்பது உயிருள்ள நத்தையின் போர்வை. இயல்பாய் இறந்து, அலையில் உருண்டு, வெயிலில் காய்ந்து கரையொதுங்கிய சோழி மங்கி, வெளுத்து, மணலால் தேய்ந்திருக்கும். ஆகவே மின்னும் சோழி பெரும்பாலும் உயிரோடு எடுக்கப்பட்டதே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பவளப்பாறைப் பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே சங்கு, சோழி, பவளம் எதையும் எடுக்கலாகாது. 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் கடல் நத்தைகள் பலவற்றைச் சேர்த்தபோது சோழிக் குடும்பத்தின் சில அரிய இனங்களும் அதில் இடம்பெற்றன. பெரிய அளவில், அபூர்வ வடிவில் இருப்பதை வாங்கு முன் கடைக்காரரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பிள்ளைகள் ஆசைப்பட்டால் கரையோரம் அலை விட்டுச்சென்ற மங்கிய ஓட்டைப் பொறுக்கிக் கொடுங்கள். வாய்ப்பிளவுக்குள் சதையோ அசைவோ தெரிந்தால் எடுத்த இடத்திலேயே, நீருக்குள், வாய் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துவிடச் சொல்லுங்கள். மல்லாந்து கிடந்தால் அது நண்டுக்கு இரையாகிவிடும்.